நாற்பது நிமிடத்தில் ஓர் இத்தாலிய இராப்போசனம்

ஞாயிற்றுக்கிழமைச் சமையல் வேறு. செவ்வாய்க்கிழமைச் சமையல் வேறு. ஞாயிற்றுக்கிழமையில் இறைச்சிக் கடைக்குப் போய்வரவும், தேங்காய் துருவவும், சரக்கு வறுத்து இடிக்கவும், அடுப்படியில் நின்று நாலு கதை பேசவும் நேரம் உண்டு. செவ்வாய்க்கிழமையிலோ கந்தோரால் வந்து கைப்பையை மேசையில் வைக்கும்போதே மணி ஆறரையாகி விடுகின்றது. பிள்ளைகள் ரியூசன் வகுப்பிலிருந்து பசியோடு வந்து நிற்கின்றனர். காலையில் ஆக்கிய சோறு ஆறிக் கிடக்கின்றது. அவ்வேளையில் எம்மவரிற் பெரும்பாலார் என்ன செய்வர் என்பதை வாசகியர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. யாரையாவது சந்திக்கடைக்கு அனுப்பிப் பாணும் பருப்பும், அல்லது கொத்துரொட்டியும் வாங்குவித்து அன்றைய பொழுதைப் போக்கிவிடுவோம். அதனைக் குற்றமென்று கூற நாம் வரவில்லை. நாமே பல்லாண்டுகள் அவ்வாறு செய்தவர்கள்தாம். ஆயினும் அத்தகைய ஒரு மாலையில், எம் வீட்டு அடுப்பிலேயே, நாற்பது நிமிடத்துள் ஆக்கப்பட்ட ஓர் உணவைப் பற்றி இங்கே எழுத விரும்புகின்றோம். மாட்டிறைச்சியும் மிளகாயும் கிறீமும் சேர்ந்த பாஸ்தா அது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் எம் தங்கை தன் இரு பிள்ளைகளோடும் விடுமுறைக்கு வந்து வெள்ளவத்தையில் எம்மோடு தங்கினாள். அவள் வாழ்வது இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில். 1980களிலிருந்து எம் நாட்டுத் தமிழர் பலர் குடியேறி வாழும் ஊர் அது. நகரையடுத்துள்ள பெல்லெகிரினோ மலையிலே புனித ரோசலியாவின் குகைக் கோயில் இருக்கின்றது. அங்கே கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவத் தமிழரும் ஏறிச் சென்று நேர்த்தி வைக்கின்றனர். எம் தங்கைக்கு வீடுகளிற் பணி. காலையில் ஒரு வீடு, பிற்பகலில் இன்னொரு வீடு. தன் வீட்டுக்கு வந்து சேரும்போது இரவு எட்டு மணியாகிவிடும் என்பாள். அவளுக்கு வாரத்தில் ஆறு நாள்களும் செவ்வாய்க்கிழமைகளே.

அவளுடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூத்தவளுக்கு வயது பதினைந்து, இளையவனுக்குப் பதினொன்று. தமிழ் விளங்கும், பேசவும் பேசுவர், ஆனால் தமக்குள் பேசும்போது இத்தாலிய மொழிதான். எம் தாயாருக்கு அதனால் மனவருத்தம் உண்டாகவில்லை. வருத்தம் வேறோரிடத்தில் வந்தது. பேரப் பிள்ளைகள் வருகின்றார்கள் என்று ஒரு மாதத்துக்கு முன்னரே யாழ்ப்பாணத்திலிருந்து மிளகாய் தருவித்து, தாமே வறுத்து, தூள் இடிப்பித்து வைத்திருந்தார். முதல் நாள் நண்டுக் கறி. இரண்டாம் நாள் ஆட்டிறைச்சிக் கறி. இரண்டு நாளும் பிள்ளைகள் இரண்டு வாய் உண்டு, கண்ணீரும் மூக்கு நீருமாகக் கோப்பையை ஒதுக்கிவிட்டனர். அவர்கள் மரியாதை தெரிந்த பிள்ளைகள். “நல்லா இருக்கு அம்மம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் ஒதுக்கினர். அது அவரை இன்னும் அதிகமாக நோகச் செய்தது. எழுபத்தெட்டு வயதில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கண்ட பேரப் பிள்ளைகளுக்குத் தம் கையால் ஒரு வேளை உணவூட்ட முடியவில்லையே என்ற துயரத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றிரவு அவரும் சாப்பிடவில்லை; அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. நாம் மழையில் நனைந்து வீடு வந்து சேர்ந்தபோது தங்கை வாயிலிலேயே எம்மை மறித்தாள்.

“அக்கா, நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ. இண்டைக்கு அடுப்பு என்ரை பொறுப்பு.”

நாம் தேநீரை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலிலேயே இருந்துவிட்டோம். அங்கே கண்டவற்றையே எழுதுகின்றோம்.

அவள் முதலிற் செய்தது வெங்காயம் நறுக்குதலன்று. வீட்டிலுள்ள பெரிய பானையில் நாலு லீற்றர் தண்ணீர் நிரப்பி, மூடி, பெரிய அடுப்பில் ஏற்றினாள். அதன் பின்னர்தான் உடுப்பு மாற்றப் போனாள். நாலு லீற்றர் நீர் கொதிப்பதற்குக் கால் மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரத்தை எந்தக் கெட்டிக்காரியாலும் குறைக்க முடியாது. ஆகையால் அது தானே நடந்துகொண்டிருக்க வேண்டும், நாம் மற்ற அலுவலைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. நாமோ எக்காலமும் கறியை ஆக்கி முடித்த பின்னர், “அடடா, தண்ணீர் வைக்கவில்லையே” என்று ஓடுபவர்கள். வார நாட் சமையலில் விரைவு என்பது கையின் விரைவன்று, எதை எதற்கு முன் தொடங்குவது என்ற ஒழுங்கே என்பதை அந்தப் பானையிற் கண்டுகொண்டோம்.

ஐந்து பேருக்கு அவள் எடுத்த அளவுகள் இவை. பென்னே எனும் குழல் வடிவப் பாஸ்தா 400 கிராம், அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி ஐந்து பல்லு, தகரப்பேணியில் வரும் தக்காளிப் பேஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி, நன்கு பழுத்த தக்காளிப்பழம் நாலு, கொரகொரப்பாக இடித்த செத்தல் மிளகாய் ஒரு தேக்கரண்டி, மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி, கிறீம் 200 மில்லிலீற்றர், துருவிய சீஸ் ஒரு கைப்பிடி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு. ஒலிவ் எண்ணெய் கொழும்பில் விற்கும் விலையைக் கேட்டு அவளே தலையில் கைவைத்தாள். வீட்டிலிருந்த சாதாரண எண்ணெயையே பாவித்தாள், சுவை கெட்டுப்போகவில்லை.

இறைச்சியைப் பற்றி ஒரு சொல். சைவ இல்லங்களில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை. அவ்வில்லத்தார் காளானையோ சோயா இறைச்சியையோ கொண்டு இதனைச் செய்யலாம். ஆட்டிறைச்சியை அரைப்பித்துச் செய்தாலும் பொருந்தும். எதுவாயினும் அரைத்த இறைச்சி முழு இறைச்சியைக் காட்டிலும் விரைவிற் பழுதாகும் என்பதை மறத்தலாகாது. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்திலேயே இருக்கும். அரைக்கும்போது அவை உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. ஆதலின் வாங்கிய அன்றே ஆக்க வேண்டும். அல்லது உறையவைக்க வேண்டும். உறைந்த பொதியைக் காலையில் மேசைமேல் வைத்துவிட்டுக் கந்தோருக்குப் போகும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. எம் நாட்டு வெக்கையில் அஃது ஆபத்தானது. முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால், மறுநாள் மாலையில் பதமாக இருக்கும். ஆக்கும்போதும் செந்நிறம் எங்கும் தெரியாதபடி முழுவதும் வேகவேண்டும்.

வீட்டிலேயே அகலமான இரும்புத் தாச்சியை அவள் எடுத்தாள். அது நன்றாகக் காய்ந்து, எண்ணெயில் மெல்லப் புகை எழும்பும் தறுவாயில், தண்ணீர் ஒற்றியெடுத்த இறைச்சியைப் பரப்பிப் போட்டாள். போட்டவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்! எமக்கோ கை துருதுருத்தது. இறைச்சி தாச்சியில் விழுந்த கணத்திலிருந்து கிண்டிக்கொண்டேயிருப்பது எம் பழக்கம். அவள் மூன்று நிமிடம் தொடவேயில்லை. பின்னர் ஒரு பக்கமாகக் கிளறிப் புரட்டியபோது அடிப்பக்கம் வறுத்த கோப்பிக்கொட்டையின் நிறத்தில் இருந்தது. வாசனையோ பக்கத்து வீட்டுக்கும் போயிருக்கும்.

விஞ்ஞானம் படிக்கும் மாணவர்க்கு இதன் காரணத்தைச் சொல்லிவைக்கலாம். இறைச்சியில் ஈரம் இருக்குமளவும் அதன் மேற்பரப்பின் வெப்பம் 100 பாகை செல்சியசை அதிகம் தாண்டாது. அவ்வெப்பத்தில் இறைச்சி அவிந்து சாம்பல் நிறமாகுமேயன்றிச் சிவந்து முறுகாது. ஏறத்தாழ 140 பாகையை எட்டும்போது புரதத்தின் கூறுகளும் வெல்லத்தின் கூறுகளும் விரைவாகச் சேர்ந்து, முறுகலின் நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912இல் இத்தாக்கத்தை விவரித்த பிரெஞ்சு நாட்டு அறிஞர் மையார் என்பவரின் பெயராலேயே அஃது இன்றும் வழங்குகின்றது. கிண்டக் கிண்ட இறைச்சிநீர் வடியும். நெருக்கிப் போட்டால் ஆவி வெளியேற வழியின்றி அதே நீரில் இறைச்சி அவியும். அகலமான தாச்சியும் சும்மா இருக்கும் கையுமே இங்கு வேண்டப்படுவன. ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம் மெல்லெரிவில் வேகவைத்துப் பெறும் சுவையில் ஒரு பெரும் பங்கை இந்த ஆறேழு நிமிடத்தில் அவள் எடுத்துக்கொண்டாள்.

இறைச்சியைக் கோப்பைக்கு மாற்றிவிட்டு, அதன் கொழுப்பிலேயே வெங்காயத்தை வதக்கினாள். உள்ளியையும் இடித்த மிளகாயையும் இட்டு அரை நிமிடம் மாத்திரம் புரட்டி, உடனே தக்காளிப் பேஸ்டைச் சேர்த்து, அது செங்கல் நிறம் பெற்றுத் தாச்சியில் ஒட்டத் தொடங்கும்வரை வறுத்தாள். நறுக்கிய தக்காளிப்பழம் விழுந்ததும் அடியில் ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்து எழும்பியது. இறைச்சியைத் திரும்பவும் இட்டு, உப்பும் மிளகும் சேர்த்து, பத்து நிமிடம் மெல்லக் கொதிக்க விட்டாள்.

மிளகாயை ஏன் எண்ணெயில் இட வேண்டும், இறுதியில் தூவினால் ஆகாதா என்று கேட்டோம். “எண்ணெயிலை போட்டால்தான் காரம் எல்லா இடமும் ஒரே மாதிரிப் பரவும் அக்கா; மேலாலை தூவினால் ஒரு வாய் சும்மா, ஒரு வாய் நெருப்பு” என்றாள். மிளகாயின் காரப் பொருளாகிய கப்சாயிசின் நீரிற் கரைவதில்லை, கொழுப்பிற் கரையும். காரம் உண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துப் பயனில்லாததும், பால் கொடுத்தால் அடங்குவதும் இதனாலேதான். பாலிலுள்ள கொழுப்பும் கேசீன் எனும் புரதமும் நாவிலிருந்து அப்பொருளை அகற்றிச் செல்கின்றன. கொதிநீர் சுடுவதை உணரும் அதே நரம்பு வாயிலையே மிளகாயும் தட்டுகின்றது என்று கண்டறிந்த அமெரிக்க அறிஞர் டேவிட் யூலியஸ் 2021இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றார். மிளகாய் “சுடுகிறது” என்று பேரன் சொன்னபோது அவனுடைய தமிழ் பிழை என்று நாம் திருத்தப் பார்த்தோம். அவன் சொன்னதுதான் சரி.

ஆகவே கிறீம் இந்த உணவில் ஆடம்பரத்துக்காகச் சேர்க்கப்படுவதன்று. மிளகாயின் மணத்தை வைத்துக்கொண்டு அதன் சூட்டை மட்டுப்படுத்தும் வேலை அதற்கு உண்டு. எம் தங்கை இதனை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தான் காரமின்றி உண்ண முடியாதவள். பிள்ளைகள் காரத்தை உண்ண முடியாதவர்கள். இரவு எட்டு மணிக்கு இரண்டு சமையல் செய்ய அவளுக்கு உடம்பில் வலுவில்லை. ஒரே தாச்சியில் இரு சாராரும் உண்ணத்தக்க ஒன்றைத் தேடித் தேடி, பல இரவுகளில் கூட்டியும் குறைத்தும் பார்த்தே இவ்வளவுக்கு வந்து சேர்ந்தாள்.

தண்ணீர் கொதித்தது. லீற்றருக்குப் பத்துக் கிராமாக நாற்பது கிராம் உப்பை அவள் அள்ளி இட்டபோது எம் தாயார் வாய்திறந்தார். “பிள்ளை, கடல் தண்ணியோ காய்ச்சுறாய்?” அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுவென்று நினைக்கின்றோம். அவ்வுப்பிற் பெரும்பகுதி நீரோடு போய்விடும். பாஸ்தாவின் உள்ளே உப்பு ஏறுவதற்கு வேகும்போது தவிர வேறு தருணம் கிடையாது.

எம் தாயார் இதனை மக்கரோனி என்றே அழைப்பார். அவர் இளமையில் எல்லா வடிவத்துக்கும் அந்த ஒரு பெயர்தான். அதுவும் வெள்ளைக்காரர் கொண்டுவந்த பண்டம் என்பது அவருடைய அபிப்பிராயம். உண்மையில் இதன் கதை வேறு. சிசிலியை ஆண்ட இரண்டாம் ரொஜர் மன்னனுக்காக அல் இத்ரீசி என்ற அராபியப் புவியியலறிஞர் 1154இல் முடித்த நூலிலே, பலெர்மோவுக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள திராபியா என்ற ஊரில் மாவினால் இழையுணவு பெருமளவிற் செய்யப்பட்டுக் கப்பல்களில் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டதென்று எழுதியிருக்கின்றார். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து கொண்டுவந்தார் என்று பள்ளிக்கூடத்தில் எமக்குச் சொன்ன கதை பொருந்தாது. அவர் ஊர் திரும்பியது 1295இல். ஜெனோவா நகரில் 1279இல் எழுதப்பட்ட ஒரு சொத்துப் பட்டியலிலேயே ஒரு கூடை மக்கரோனி குறிக்கப்பட்டுள்ளது. எம் தங்கை ஞாயிறுகளில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிச் செல்லும் புகைவண்டி அந்தத் திராபியா வழியாகவே போகின்றது என்பதைக் கேட்டபோது எமக்கு ஒரு சிலிர்ப்பு உண்டாயிற்று. அவளுக்கு அது வெறும் ஒரு நிலையம்.

பொதியில் பதினொரு நிமிடம் என்று எழுதியிருந்தால் ஒன்பதாம் நிமிடத்தில் எடுக்க வேண்டும். எஞ்சிய இரண்டு நிமிடம் கறியோடு சேர்ந்து வேகும். வன்கோதுமை றவையினாற் செய்த பாஸ்தாவாக இருந்தால் அவ்வாறு வெந்த பின்னும் பல்லுக்குச் சிறிது எதிர்ப்புத் தரும். எம் வீடுகளில் மக்கரோனி களியாகிவிடுவதற்கு, சோறு வேகுவதுபோல் அதுவும் வேக வேண்டும் என்று நாம் எண்ணுவதே காரணம்.

2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டை எம் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சிலிண்டருக்காக விடியற்காலம் தொட்டு வரிசையில் நின்ற அந்நாள்களிலே, நீர் கொதித்துப் பாஸ்தாவை இட்டு இரண்டு நிமிடம் சென்றதும் அடுப்பை அணைத்து, பானையை இறுக மூடி, மிகுதிச் சூட்டிலேயே வேகவைக்க நாம் பழகிக்கொண்டோம். வறுமையினால் வந்த உபாயம் என்றே அதனைக் கருதியிருந்தோம். அதே ஆண்டில் இத்தாலியிலும் எரிவாயு விலை ஏறியது. 2021இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்ற ஜோர்ஜியோ பரீசி இதே முறையைத் தம் நாட்டவர்க்கு எடுத்துக் கூற, அங்குள்ள சமையற்காரர் சிலர் கோபங்கொண்டனர் என்று தங்கை சொன்னாள். முறை வேலை செய்யும் என்பதற்கு நாமே சாட்சி. பொதியில் உள்ளதைவிட ஒரு நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

வடிப்பதற்கு முன் ஒரு கோப்பை நீரை எடுத்து வைத்தாள். அது மாப்பொருள் கரைந்து மங்கலாக இருந்தது. கஞ்சித் தண்ணீரின் அருமை எம் முன்னோருக்குத் தெரியும், இத்தாலியருக்கும் தெரிந்திருக்கின்றது. கறியின் எண்ணெயும் நீரும் பிரிந்து நில்லாமல் ஒன்றாகித் தடித்துப் பாஸ்தாவிற் படிவது அந்த நீரினாலேதான்.

இனிக் கிறீமுக்கு வருவோம். இத்தாலியில் இதுபற்றி வழக்கே நடக்கின்றது எனலாம். தங்கை முதன்முதலாகப் பணிபுரிந்த வீட்டு மூதாட்டி, இவள் தக்காளியும் இறைச்சியும் வெந்த சட்டியில் கிறீமை ஊற்றக் கண்டு, “இது பாஸ்தா அன்று, பாவம்” என்று சொல்லிவிட்டாராம். தங்கை பல ஆண்டுகள் அதனை ஒரு குறையாக மனத்தில் வைத்திருந்தாள். ஆனால் இத்தாலியர் தம் சமையலின் தந்தையாகப் போற்றும் பெல்லெகிரினோ ஆர்த்தூசி என்பவர், வெளியிட எவரும் முன்வராமையால் தம் சொந்தச் செலவில் 1891இல் அச்சிட்ட நூலில், போலோஞா நகரத்து மக்கரோனிக்கு மாட்டுக் கன்றின் இறைச்சியைக் கூறுமிடத்து, இன்னும் மென்மை வேண்டுவோர் அரைக் குவளை கிறீமைச் சேர்க்கலாம் என்றே எழுதியிருக்கின்றார். 1982 ஒக்ரோபர் 17இல் இத்தாலியச் சமையற் கழகத்தார் போலோஞா வர்த்தக மன்றத்திலே பதிவு செய்த இறைச்சிக் குழம்பின் முறையிலும் ஒரு குவளை முழுப்பால் இடம்பெறுகின்றது. இவற்றை நாம் எடுத்துக் காட்டியபோது அவள் சிரித்தாள். “அந்தக் கிழவியிட்டை ஆர் அக்கா இதைச் சொல்லுறது?” என்றாள். மிளகாயைப் பற்றி அந்த மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். தென் இத்தாலியர் மிளகாய்க்குப் பகைவர் அல்லர். மிளகாய் ஊறிய எண்ணெய்க்குப் “புனித எண்ணெய்” என்றே பெயர் வைத்திருக்கின்றனர். எண்ணிப் பார்த்தால் அவர்களுடைய தக்காளியும் எம்முடைய மிளகாயும் ஒரே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கப்பலேறி, இரு வேறு திசைகளிற் சென்றவை.

கிறீமை ஊற்றும் முறையில் எச்சரிக்கை வேண்டும். தங்கை போன பின்னர் நாம் தனியே செய்து பார்த்தபோது, கிறீம் விலை அதிகம் என்று குளிர்ந்த பாலை எடுத்துக் கொதிக்கும் தக்காளியில் ஒரேயடியாக ஊற்றினோம். கண்முன்னாலேயே அது திரிந்து, தயிரும் நீருமாகப் பிரிந்துவிட்டது. எறிய மனமின்றி உண்டோம். பிள்ளைகள் தந்தையின் முகத்தைப் பார்த்தார்கள், தந்தை சுவரைப் பார்த்தார். தக்காளியின் புளிப்பும் மிகுந்த சூடும் சேரும்போது பாலின் புரதம் திரளும். கொழுப்பு மிகுந்த கிறீமில் அப்புரதம் குறைவாகையால் அவ்வளவு எளிதில் திரிவதில்லை. அடுப்பைத் தணித்து, கிறீமை முன்னரே வெளியே எடுத்துவைத்துக் குளிர் நீக்கி, கறியில் ஒரு கரண்டியை அதனுட் கலந்து, பின்னர் மெல்லச் சேர்க்க வேண்டும். சேர்த்த பின் கொதிக்க விடலாகாது. கிறீம் கிடையாத நாளில் கட்டியான முதற்பாலை, அதாவது தேங்காய்ப் பாலை, விட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பாஸ்தா என்ற பெயரை இழந்து கறியாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

அன்றைய செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புவோம். வடித்த பாஸ்தாவைத் தாச்சியிற் கொட்டி, அரைக் கோப்பை நீர் விட்டு, இரண்டு நிமிடம் புரட்டி, கிறீமைச் சேர்த்து, அடுப்பை அணைத்த பின்னரே சீஸைத் தூவினாள். அணைக்கும் முன் தூவினால் சீஸ் நூலாக இழுபட்டுக் கட்டிபடும். சுவர்க் கடிகாரத்தில் ஏழேகால். நாம் வாயிலில் செருப்பைக் கழற்றியது ஆறரைக்கு.

பிள்ளைகள் இருவரும் கேளாமலே இரண்டாம் முறை எடுத்தார்கள். பெரியவர்களுக்கென்று சிறு கிண்ணத்தில் மிளகாயெண்ணெய் தனியே வைக்கப்பட்டிருந்தது. தங்கை அதில் மூன்று கரண்டி விட்டுக்கொண்டாள், நாமும் அப்படியே. தாயார் மாத்திரம் கரண்டியால் ஒரு குழலை எடுத்து உண்டு, நீண்ட நேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின்னர், “இதுக்குப் பெருஞ்சீரகம் காணாது” என்றார்.

நாம் நகைத்தோம், தங்கை நகைக்கவில்லை. சிசிலியில் இறைச்சித் தொத்திறைச்சிக்குப் பெருஞ்சீரகமே முக்கிய வாசனைப் பொருள். பலெர்மோவின் பேர்பெற்ற மத்தி மீன் பாஸ்தாவிலும் காட்டுப் பெருஞ்சீரகத்தின் தழைதான் மணக்கும். ஒரு நாளும் அத்தீவைக் காணாத மூதாட்டியார் ஒரு வாயில் அதனைக் கண்டுபிடித்துவிட்டார். “அம்மா சொல்லுறது சரி” என்று அவள் எழுந்து சரக்குப் பெட்டியைத் தேடினாள்.

அதன்பின் அம்மா அடுப்படியைத் திரும்பக் கைப்பற்றினார். அவர் இடித்து வைத்த கறித்தூள் இதற்குப் பொருந்தாது. மல்லியும் சீரகமும் வெந்தயமும் கிறீமின் சுவையை அமிழ்த்திவிடும். ஆகவே செத்தல் மிளகாயில் விதையைத் தட்டி நீக்கி, கருகாமல் வறுத்து, அதனோடு பெருஞ்சீரகம் சிறிது சேர்த்து உரலில் கொரகொரப்பாக இடித்தார். மூன்று மிளகாய்க்கு அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம் என்பது அவருடைய அளவு. அடுத்த வாரத்தில் இருமுறை அவரே நின்று மக்கரோனி ஆக்கினார். உப்பு மாத்திரம் தங்கை போட வேண்டியிருந்தது. கடல் தண்ணீர் காய்ச்ச அவருடைய கை இணங்கவில்லை. பேரன் தாச்சியைச் சுரண்டித் தரும்படி கேட்டான். “அடியிலை ஒட்டினதுதான் ருசி, அம்மம்மா” என்று அவன் தமிழிலேயே சொன்னதை அவர் அயல்வீட்டார் எல்லார்க்கும் சொல்லியிருக்கின்றார்.

அவர்கள் புறப்படும் நாளில் விமான நிலையத்துக்குப் போகுமுன் பெட்டியின் நிறையைத் தராசிற் பார்த்தோம். மூன்று கிலோ கூடுதலாக இருந்தது. தங்கை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஒடியல் மா போயிற்று, பினாட்டுப் போயிற்று, எமது பரிசாகிய சேலையும் போயிற்று. அடியில் ஒரு சிறு பொதி, கடதாசியில் சுற்றி நூலாற் கட்டப்பட்டிருந்தது. அதன்மேல் அம்மாவின் கையெழுத்தில் “மக்கரோனிக்கு” என்று எழுதியிருந்தது. அதனை அவள் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.